பழைய கார்களின் வடிவமைப்பிலிருந்து வீட்டு அலங்காரத்துக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

1950களிலும் 60களிலும் வந்த கார்களின் அழகில் மனத்தைப் பறிகொடுத்தவர் நீங்கள். புதிதாக அமைக்கவிருக்கும் வீட்டில் அந்த அழகு தெரிய வேண்டும், ஆனால் உள்ளே வருபவருக்கு ஒரு பணிமனைக்குள் நுழைந்துவிட்ட எண்ணம் வந்துவிடக் கூடாது என்கிறீர்கள். உண்மையான உதிரிபாகங்களைப் பயன்படுத்தலாமா, அறை சிறியதாக இருந்தால் இதெல்லாம் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கர மூடிகளையும் நம்பர் பிளேட்டுகளையும் சுவரில் மாட்டுவதால் ஒரு வீட்டுக்குப் பழைய காரின் அழகு வந்துவிடாது. தகடும் தகடும் சேரும் இடத்தை மறைப்பதா காட்டுவதா, கை படும் இடத்தில் எந்தப் பொருளை வைப்பது, எந்தப் பரப்பு பளபளக்க வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு அந்தக் கார்களை வடிவமைத்தவர்கள் மிகுந்த பொறுமையோடு விடை கண்டார்கள். வீட்டை அமைப்பவர் முன்னாலும் இதே கேள்விகள்தான் நிற்கின்றன. அந்த விடைகளைப் புரிந்து எடுத்துக்கொண்டால், ஒரு காரின் படம்கூட இல்லாத அறையிலும் அதன் சாயலைக் கொண்டுவர முடியும்.

காருக்கும் வீட்டுக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஏறத்தாழ நூறு வயது ஆகிறது. 1923-இல் வெளிவந்த தம் நூலில் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, கிரேக்கக் கோயிலான பார்த்தினானின் படத்தையும் அக்காலத்து டெலாஷ் கார் ஒன்றின் படத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டார். பாரிசுக்கு அருகே புவாசியில் 1928 முதல் 1931 வரை அவர் கட்டிய வில்லா சவோயின் தரைத்தள வளைவு, ஒரு கார் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அதைக் கணக்கிட்டு வரையப்பட்டது. ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸை நிறுவிய வால்ட்டர் கிரோப்பியஸ், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அட்லர் கார் நிறுவனத்துக்குக் கார் உடல்களை வடிவமைத்தார். தொழில்துறை வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி 1935-இல் கோல்ட்ஸ்பாட் குளிர்சாதனப் பெட்டிக்கு உருவம் கொடுத்தவர். ஸ்டூடிபேக்கர் கார்களின் அழகுக்குப் பின்னால் இருந்ததும் அவருடைய அலுவலகம்தான். இத்தாலியில் ஜியோ பொன்ட்டி கட்டடம், நாற்காலி, கார் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வரைந்தார். 1957-இல் காசினா நிறுவனம் தயாரித்த அவருடைய சூப்பர்லெஜ்ஜேரா நாற்காலியின் எடை 1.7 கிலோ மட்டுமே. மெல்லிய குழாய்ச் சட்டத்தின்மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்திக் கார் உடலை இலகுவாக்கிய மிலான் நகரப் பட்டறைகளின் சிந்தனைக்கு அது மிக நெருங்கிய உறவு. ஆகவே, நீங்கள் கேட்பது வெறும் விருப்பத்தின் விளையாட்டு அன்று; அதற்கு மரபு இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு காரை நாம் தொலைவில் இருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது விகிதம்தான். பக்கவாட்டில் பார்த்தால், கண்ணாடிப் பகுதி மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, உடற்பகுதி மூன்றில் இரண்டு பங்கு என்பது கார் வரைபவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட கணக்கு. இந்தக் கணக்கை வீட்டில் அப்படியே தலைகீழாக்கிப் பயன்படுத்தலாம். சுவரின் கீழ் மூன்றில் ஒரு பங்கை அடர்ந்த நிறத்திலோ மரப்பலகையாலோ அமைத்து, மேலே உள்ள இரண்டு பங்கை வெளிர்நிறமாக விட்டால் அறை தரையோடு உறுதியாக நிற்கும். சரிபாதியாகப் பிரித்தால் கண்ணுக்கு எங்கே தங்குவது என்று தெரியாது. அது கார்களிலும் எடுபடவில்லை, சுவர்களிலும் எடுபடாது.

அறைக்கலன்களின் உயரத்துக்கும் இதே கவனம் வேண்டும். 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப் அவ்வளவு நீளமாகத் தோன்றுவதற்குக் காரணம் அதன் நீளம் மட்டுமல்ல, அதன் தாழ்வும்தான். அதன் உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் துறையில் காற்றியக்கம் பயின்றவர். வளைவுகளைக் கணக்கிட்டு வரைந்தவர். தாழ்வான, நீண்ட ஒரே அலமாரியைக் கூடத்தின் ஒரு சுவர் முழுவதும் ஓடவிட்டு, அதன்மேல் சுவரை வெறுமையாக விடுங்கள். அந்த ஒரு பொருளிலேயே காரின் கிடைக்கோடு அறைக்குள் வந்துவிடும். பல சிறு அலமாரிகளை வெவ்வேறு உயரங்களில் வைத்தால் அது வராது.

அடுத்து வருவது பரப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு அலங்காரத்தில் பெரும்பாலான பணம் வீணாவது இங்கேதான். 1940களின் நடுப்பகுதி வரை கார் என்பது தனித்தனிப் பாகங்களின் கூட்டாகவே இருந்தது. மட்கார்டு தனி, போனட் தனி, ஹெட்லைட் தனி. 1946-ஐ ஒட்டி இத்தாலியக் கார் வடிவமைப்பாளர் பினின் ஃபரினா உருவாக்கிய சிசிட்டாலியா 202 காரில் இவை எல்லாம் ஒரே தோலால் மூடப்பட்டதுபோல் ஒன்றோடொன்று கலந்தன. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-இல் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தபோது இதுவும் அவற்றுள் ஒன்று. பிறகு 1972-இல் அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பிலும் சேர்ந்தது. அந்தக் காரில் அலங்காரம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. வெளிச்சம் அதன்மேல் விழுந்து வழுக்கிச் செல்லும் விதமே அதற்கு அலங்காரம்.

இந்த வெளிச்சத்தைக் கார் வடிவமைப்பாளர்கள் தற்செயலுக்கு விடுவதில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1927-இல் வடிவமைப்புப் பிரிவைத் தொடங்கிய ஹார்லி எர்ல், களிமண் மாதிரிகளைக் கொண்டு கார்களை உருவாக்கும் முறையை அங்கே வேரூன்றச் செய்தார். களிமண்ணுக்குப் பளபளப்பு இல்லை என்பதால் அதன்மேல் மெல்லிய படலத்தை ஒட்டி, நீண்ட குழல்விளக்குகளின் பிம்பம் வளைவுகளில் நெளியாமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே வடிவத்தை இறுதி செய்யும் வழக்கம் வந்தது. ஓரிடத்தில் பிம்பம் தடுக்கினால் அங்கே களிமண்ணைச் சுரண்டித் திருத்துவார்கள்.

வீட்டில் இதற்கு நேரான பாடம் ஒன்று இருக்கிறது. கார்போல் மின்ன வேண்டும் என்று ஆசைப்பட்டு முழுச் சுவருக்கும் உயர்பளபளப்பு பெயின்ட் அடிப்பவர்கள், பூச்சுவேலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் விளம்பரப்படுத்திக்கொள்கிறார்கள். கார்க் கதவு மின்னும்போது அழகாக இருப்பது, அதன் தகட்டில் குறை இல்லாததாலும் அதன் வளைவு வெளிச்சத்துக்காகவே செதுக்கப்பட்டதாலும்தான். ஆகவே சுவர்களைப் பளபளப்பற்ற மேட் பூச்சில் அடக்கி வைத்துவிட்டு, ஒரே ஒரு கதவையோ ஒரு தாழ்வான அலமாரியையோ தேர்ந்தெடுத்து, அதைப் பலமுறை தேய்த்துச் சமப்படுத்தி, தெளிப்பானால் லாக்கர் எனும் கடினமான பளபளப்புப் பூச்சு கொடுங்கள். பூசியபின் அறையின் விளக்கைப் போட்டு, சாய்வாக நின்று, விளக்கின் பிம்பம் அதன் முகத்தில் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்த ஒரு பொருள் அறையை ஆண்டுவிடும்.

பொருத்துகள் பற்றிச் சொல்லும்போது புகாட்டி அட்லான்டிக் காரை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1935-இல் காட்டப்பட்ட அதன் முன்மாதிரியின் உடல் எலெக்ட்ரான் என்ற மக்னீசியக் கலவையால் ஆனது. வெல்டிங் முறையில் பற்றவைத்தால் தீப்பிடிக்கும் பொருள் என்பதால், இரண்டு பாதித் தகடுகளை நடுவில் விளிம்பாக நிமிர்த்தி ரிவெட் அடித்துச் சேர்த்தார்கள். அந்த விளிம்பு நெற்றியிலிருந்து வால்வரை மீனின் முதுகுத் துடுப்புபோல ஓடியது. பின்னர் அலுமினியத்தில் செய்யப்பட்ட நான்கு கார்களுக்கு ரிவெட் அவசியமே இல்லை. ஆனாலும் அதை வடிவமைத்த ஜான் புகாட்டி அந்த விளிம்பை விடவில்லை. ஒரு தொழில்நுட்பக் கட்டாயம் அந்தக் காரின் முகவரியாகவே ஆகிவிட்டது. 1959-இல் வந்த இங்கிலாந்தின் சிறு காரான மினியிலும் இதே துணிவைக் காணலாம்: அதன் பற்றவைப்பு விளிம்புகளும் கதவுக் கீல்களும் வெளியே தெரியும்படியே விடப்பட்டன.

வீட்டில் இரண்டு பொருள்கள் சேரும் இடம் எல்லாம் இப்படி ஒரு முடிவைக் கோருகிறது. மரத்தரையும் டைல்ஸ் தரையும் சந்திக்கும் கோடு, சமையலறை மேடையும் சுவரும் சேரும் மூலை, இரண்டு பலகைகளுக்கு இடையிலான இடைவெளி ஆகியவற்றை முழுக்க மறைக்க முடிந்தால் மறைக்கலாம். முடியாதபோது அரைகுறையாகப் பட்டி வைத்து அடைப்பதைவிட, அங்கே ஒரு மெல்லிய பித்தளை அல்லது எஃகுப் பட்டையை வேண்டுமென்றே ஓடவிடுவது மேல். 1950களின் இருநிறக் கார்களில் பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டை இந்த வேலையைத்தான் செய்தது. இரண்டு நிறங்கள் சந்திக்கும் பெயின்ட் விளிம்பு எவ்வளவு கவனமாக அடித்தாலும் சற்றே பிசிறடிக்கும். பட்டை அதை மூடிவிட்டு, கூடவே காருக்கு வேகத்தோற்றத்தையும் கொடுத்தது. சுவரில் இருநிறம் அடிக்க விரும்பினால் இரண்டும் சேரும் கோட்டில் ஒரு மெல்லிய மரப் பீடிங்கையோ உலோகப் பட்டையையோ வைக்கத் தவறாதீர்கள்.

நிறங்களைப் பொறுத்தவரை, பழைய கார்களிடம் ஒரு நல்ல கட்டுப்பாடு இருந்தது. ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. டூபான்ட் நிறுவனம் 1923-இல் டூக்கோ என்ற விரைவில் உலரும் லாக்கரைக் கொண்டுவந்த பிறகுதான், முன்பு பல நாள்கள் பிடித்த பூச்சுவேலை சில மணிநேரங்களுக்குக் குறைந்து, பெருமளவில் தயாரான கார்களுக்கு வண்ணங்கள் கிடைத்தன. பந்தயக் கார்களுக்கு நாட்டுக்கு ஒரு நிறம் என்ற வழக்கமும் இருந்தது: இங்கிலாந்துக்கு அடர்பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்சுக்கு நீலம், ஜெர்மனிக்கு முதலில் வெள்ளை, 1930களிலிருந்து வெள்ளி. இவற்றுள் வீட்டுக்கு மிகவும் ஒத்துப்போவது அந்த அடர்பச்சை என்பேன். பழுப்புத் தோலோடும் வால்நட் மரத்தோடும் அது பல பத்தாண்டுகள் இங்கிலாந்துக் கார்களில் வாழ்ந்து பழகியது. படிப்பறைக்கோ நூலக மூலைக்கோ அந்த மூவரையும் அப்படியே குடியேற்றலாம். இத்தாலியச் சிவப்பு நகரும் பொருளுக்கு ஏற்றது. நான்கு சுவர்களுக்கு நடுவே நாள் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது களைப்பூட்டும். ஒரு நாற்காலியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1950களின் அமெரிக்கக் கார்களில் வந்த வெளிர்பச்சை, பவள நிறம், வெண்ணெய் நிறம் ஆகியவை குளியலறைக்கும் சமையலறைக்கும் அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் அங்கே வெள்ளைப் பீங்கானும் எஃகும் ஏற்கெனவே இருக்கின்றன.

மரத்துக்கு வருகிறேன். பழைய ஆடம்பரக் கார்களின் டேஷ்போர்டு மரத்தைக் கூர்ந்து பார்த்திருப்பீர்கள். வால்நட் மரத்தின் கணுப்புடைப்பிலிருந்து சீவி எடுத்த மெல்லிய வெனீரை, அடுத்தடுத்த இரண்டு தாள்களாகப் புத்தகம்போல் விரித்து ஒட்டுவார்கள். அதனால் டேஷ்போர்டின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் மரத்தின் சுழிகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும். விளிம்பைச் சுற்றி வேறு திசையில் ஓடும் இழையுடைய மெல்லிய வெனீர்ப் பட்டை வரும். இரட்டைக் கதவு அலமாரி செய்யும்போது இதை அப்படியே தச்சரிடம் கேட்கலாம். வெனீர்த் தாள்களை ஒரே கட்டிலிருந்து வரிசை மாறாமல் வாங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வரிசை கலைந்துவிட்டால் பிம்பம் பொருந்தாது.

ஆனால் அளவு முக்கியம். காரில் இவ்வளவு சுழியுள்ள மரம் ஒரு குறுகிய பட்டையாகவும் கதவுகளின் மேல்விளிம்பாகவும் மட்டுமே இருந்தது. சுற்றிலும் அமைதியான தோலும் கம்பளமும் இருந்ததால்தான் அது பேசியது. அதே மரத்தைச் சுவர் முழுக்க ஒட்டினால் கண் ஓயாது. இன்னொன்று, உண்மையாக இருத்தல். 1953 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் டிராவலரின் பின்பகுதியில் தெரியும் ஆஷ் மரச்சட்டம் ஒட்டுவேலை அன்று. அதுதான் அந்தப் பகுதியைத் தாங்கி நின்றது, அதனால்தான் அதற்கு இடைவிடாத வார்னிஷ் பராமரிப்பும் வேண்டியிருந்தது. பின்னாளில் அமெரிக்க ஸ்டேஷன் வேகன்களின் எஃகு உடலில் மரம்போல் அச்சிட்ட படலத்தை ஒட்டினார்கள். இரண்டையும் அருகருகே பார்த்தவருக்கு, மரமாதிரி லேமினேட்டைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கைப்பிடி அளவு உண்மையான மரம் கிடைத்தாலும் அதைக் கை படும் இடத்தில் வையுங்கள்.

இருக்கைகளில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பழைய கார் இருக்கைகளில் காணும் செங்குத்தான வரி மடிப்புகள் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. அகலமான தோலை ஒரே பரப்பாக இழுத்துப் போர்த்தினால் காலப்போக்கில் அது தொய்ந்து சுருங்கும். குறுகிய வரிகளாகத் தைத்தால் இழுவிசை பகிரப்படும், உடலுக்கும் இருக்கைக்கும் இடையில் காற்றும் ஓடும். விளிம்புத் தையலை மூடி ஓடும் பைப்பிங் என்ற மெல்லிய உருண்டைக் கரை, தேய்மானத்தை முதலில் தான் வாங்கிக்கொண்டு தையலைக் காக்கிறது. சோபா செய்யக் கொடுக்கும்போது, வரி மடிப்பு உட்காரும் பகுதியிலும் முதுகிலும் மட்டும் வரட்டும், கைப்பிடியும் பக்கங்களும் வெறுமையாக இருக்கட்டும், பைப்பிங் அடிப்பரப்பின் நிறத்தைவிட ஒரு படி அடர்ந்தோ வெளிர்ந்தோ இருக்கட்டும் என்று சொல்லுங்கள். எங்கும் மடிப்பு வைத்தால் சோபா பருத்துத் தெரியும்.

தோல்தான் உயர்ந்தது என்ற எண்ணமும் வேண்டாம். ஓட்டுநர் வைத்துக் காரோட்டிய காலத்தில், மழையும் வெயிலும் படும் முன்னிருக்கைக்கு உழைக்கும் தோலையும், உரிமையாளர் அமரும் பின்னிருக்கைக்கு மென்மையான கம்பளித் துணியையும் போடுவதே வழக்கமாக இருந்தது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல் காரின் கட்டம்போட்ட துணி இருக்கைகளும், 1960களின் போர்ஷே 911-இல் கிடைத்த கறுப்பு-வெள்ளைச் சிறுகட்டத் துணியும் இன்றும் புதுமையாகத் தெரிகின்றன. அப்படிப்பட்ட துணியைச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் உட்காரும் பகுதிக்கு மட்டும் போட்டால், மற்ற எதுவுமே மாறாமல் அறையின் முகம் மாறும். இன்னும் எளிமை வேண்டுமென்றால் 1948-இல் அறிமுகமான சிட்ரோயென் 2சிவி இருக்கிறது: குழாய்ச் சட்டத்தில் ரப்பர் வளையங்களை இழுத்து மாட்டி, மேலே துணி போர்த்தி, வேண்டும்போது கழற்றி வெளியே எடுத்துப் போட்டு உட்காரும்படி அதன் இருக்கைகள் செய்யப்பட்டிருந்தன. பால்கனிக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலியை நினைத்துப் பார்ப்பது கடினம்.

சுவிட்சுகளையும் கைப்பிடிகளையும் பெரும்பாலானோர் கடைசியில், கையில் மிஞ்சிய பணத்தில் வாங்குகிறார்கள். காரில் அவைதான் முதல் வரிசையில் நிற்கும். இ-டைப்பின் டேஷ்போர்டு நடுவில் சிறிய மீட்டர்கள் ஒரு வரிசையாகவும், அவற்றின் கீழே டாகிள் எனப்படும் உலோக நெம்பு சுவிட்சுகள் ஒரு வரிசையாகவும் அமைந்திருந்தன. விரல் மேலிருந்து கீழே அழுத்தும்போது கேட்கும் சத்தமும் உணரும் எதிர்ப்பும் அந்தக் காரின் இன்பத்தில் பாதி. விபத்தில் காயப்படுத்தும் என்பதால் 1968-ஐ ஒட்டி அந்த இடத்தைத் தட்டையான சுவிட்சுகள் பிடித்தன. வீட்டுச் சுவருக்கு அந்த ஆபத்து இல்லை. மின்பாதுகாப்புச் சான்று பெற்ற நெம்பு சுவிட்சுகளைப் பித்தளை அல்லது எஃகுத் தகட்டில் பொருத்தி விற்கிறார்கள். கூடத்தின் வாசலருகே உள்ள ஒரு சுவிட்சுப் பலகையை மட்டுமாவது அப்படி மாற்றிப் பாருங்கள், தினமும் பலமுறை கை தொடும் இடம் அது. போர்ஷே 911-இல் ஐந்து மீட்டர்கள் வரிசையாக இருந்தாலும், ஓட்டுபவருக்கு மிகவும் வேண்டிய எஞ்சின் சுழற்சி மானி நடுவில், மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். சுவரில் படங்களை மாட்டும்போது இதே முறையைக் கடைப்பிடிக்கலாம்: ஒன்று பெரிது, நடுவில்; மற்றவை அதற்குப் பணிந்து.

சிறிய அறைக்கு இது பொருந்துமா என்ற கேள்விக்கு விடை மினிதான். அலெக் இசிகோனிஸ் பத்து அடி நீளத்துக்குள், அதாவது ஏறத்தாழ 3.05 மீட்டருக்குள், நான்கு பேர் அமரும் காரை அடக்கினார். எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பெட்டியை அதன் அடியில் வைத்து, சக்கரங்களைப் பத்து அங்குலத்துக்குச் சுருக்கி, தரைப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மனிதருக்கும் பெட்டிகளுக்கும் ஒதுக்கினார். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிக்குப் பதிலாகத் தள்ளும் கண்ணாடி வைத்ததால், கதவின் உட்புறம் காலியானது. அந்த வெற்றிடத்தையும் ஆழமான பொருள்வைப்புப் பையாக மாற்றிவிட்டார். சின்ன வீட்டில் இதைத்தான் தேட வேண்டும். திறக்கும் கதவைத் தள்ளுகதவாக மாற்றினால் எத்தனை சதுர அடி விடுபடுகிறது, கட்டிலடியிலும் சாளரத் திட்டின் கீழும் படிக்கட்டின் வயிற்றிலும் எவ்வளவு வெற்றிடம் வீணாகக் கிடக்கிறது என்று முதலில் கணக்கெடுங்கள். 1950களின் பெரிய அமெரிக்கக் காரை மனத்தில் வைத்துக்கொண்டு சிறிய அறையை அலங்கரிப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

காரின் பின்மூலைகளில் நிமிர்ந்து நின்ற வால் துடுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாக்கீட் பி-38 போர்விமானத்தைப் பார்த்த தாக்கத்தில் 1948-ஆம் ஆண்டு கேடிலாக்கின் பின்புறத்தில் சிறு புடைப்பாகத் தோன்றியவை, 1959-ஆம் ஆண்டு மாடலில் உச்சத்தைத் தொட்டு, அடுத்த சில ஆண்டுகளிலேயே சுருங்கி மறைந்தன. அந்தக் காலத்தின் மகிழ்ச்சி அவற்றில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரை மாற்றும் வேகத்தில் வீட்டை மாற்ற முடியாது. எளிதில் கழற்றக்கூடிய விளக்குக்கூடு, கடிகாரம், திரைச்சீலை போன்றவற்றில் அந்த உற்சாகம் இருக்கலாம். சுவரோடு கட்டிவைக்கும் வேலைகளில் வேண்டாம்.

உண்மையான உதிரிபாகங்களுக்கு வருவோம். இதைச் செய்து காட்டிய இரண்டு பெரிய முன்னோடிகள் உண்டு. அக்கில்லே, பியர் ஜாக்கமோ காஸ்திலியோனி சகோதரர்கள் 1962-இல் வடிவமைத்த தோயோ விளக்கின் தலையில் இருப்பது கார் ஹெட்லைட். அதைத் தாங்கும் தண்டில் மின்கம்பியை வழிநடத்துவது தூண்டில் கழியின் வளையங்கள். அடியில் மூடாமல் வைத்த மின்மாற்றி, மின்னழுத்தத்தைக் குறைப்பதோடு விளக்கு சாயாமல் நிற்க எடையாகவும் பயன்படுகிறது. 1981-இல் வடிவமைப்பாளர் ரான் அராட், பழைய இரும்புக் கடையில் கிடைத்த ரோவர் காரின் தோல் இருக்கையை வளைந்த எஃகுக் குழாய்ச் சட்டத்தில் பொருத்தி நாற்காலியாக்கினார். இரண்டிலும் பொதுவான ஒன்று உண்டு: ஹெட்லைட் ஒளி தருகிறது, இருக்கையில் உட்காரலாம். பாகம் தன் பழைய வேலையைத் தொடர்ந்து செய்கிறது. எந்தப் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுவே. கண்ணாடி கண்ணாடியாக, கடிகாரம் கடிகாரமாக, கைப்பிடி கைப்பிடியாக இருக்குமானால் வரட்டும். பம்பரைப் பாதியாக அறுத்துச் சோபாவாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீட்டெடுக்கத்தக்க நிலையில் இருக்கும் பாகத்தை அறுப்பது, அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு காருக்குச் செய்யும் அநீதியும் ஆகும்.

சில எச்சரிக்கைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு; உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசம் கூடாது. பழைய பிரேக் பாகங்களிலும் கேஸ்கட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். இருட்டில் ஒளிரும் எழுத்துகளுடைய மிகப் பழைய மீட்டர்கள் சிலவற்றில் ரேடியம் கலந்த பூச்சு உண்டு. அவற்றைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது. எஞ்சினை மேசையாக்க விரும்பினால், வார்ப்பிரும்பு வி8 எஞ்சின் முழுமையாக 200 கிலோவைத் தாண்டும் என்பதை நினைவில் வைத்து, உள்பாகங்களை நீக்கிய வெறும் பிளாக்கை மட்டும் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு முழுவதும் போகும்வரை கழுவி, துரு பிடிக்காமல் பூச்சு கொடுத்து, மேலே பதப்படுத்திய கண்ணாடியை வையுங்கள். எண்ணெய் மணம் மிச்சமிருந்தால் அது திரைச்சீலைவரை ஏறிவிடும். ஹெட்லைட்டை விளக்காக்கும்போது, 6 அல்லது 12 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட அதன் பழைய இணைப்புகளில் வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்கக் கூடாது. குறைந்த வெப்பம் வெளியிடும் எல்இடி பல்பையும் தகுந்த மின்மாற்றியையும் ஒரு மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், ஒரே ஒரு காரைத் தேர்ந்தெடுத்துக்கொள்வதிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒரு காலத்தை முழுவதுமாக எடுத்துக்கொண்டால் கேடிலாக்கின் குரோமும் மினியின் சிக்கனமும் ஒரே அறையில் மோதிக்கொள்ளும். ஒரு கார் என்று முடிவானால், அதன் நிறங்கள், இருக்கைத் துணி, மரம் இருந்தால் அதன் வகை, உலோகம் மின்னுவதா மங்கியதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிவிடலாம். அந்தத் தாளில் இல்லாத எதையும் அந்த அறைக்கு வாங்க வேண்டாம். 1955-இல் வந்த சிட்ரோயென் டிஎஸ்ஸை எடுத்துக்கொண்டால், ஃபிளமினியோ பெர்தோனி என்ற சிற்பி உருவாக்கிய அந்த உடலில் குரோம் மிகக் குறைவு, ஸ்டீயரிங்கில் ஒரே ஓர் ஆரக்கால், பின்புறத் திருப்ப விளக்குகள் கூரையின் மூலையில் ஒளித்து வைத்ததுபோல் இருக்கும். அதை மனத்தில் கொண்ட அறையில் கூரையோரம் மறைந்து ஒளிரும் விளக்கும், ஒற்றைத் தண்டில் நிற்கும் மேசையும், வெளிர்நிறச் சுவரும், ஆழமாக உள்வாங்கும் மெத்தை நாற்காலியும் இருக்கும். கார் படம் ஒன்றாவது வேண்டும் என்று மனம் கேட்டால், விளம்பரச் சுவரொட்டிகளைத் தவிர்த்துவிட்டு, அந்தக் காரின் பக்கவாட்டுத் தொழில்நுட்ப வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, மெல்லிய உலோகச் சட்டமிட்டு, வெறுமையாக விடச் சொன்ன சுவருக்கு ஒரே விதிவிலக்காக, அந்தத் தாழ்ந்த நீண்ட அலமாரியின் மேலே, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்று மேலாக மாட்டுங்கள்.